சித்தூர் – திருப்பதி வரலாறும் பழைய நாளிதழ்களின் மின்னுருவாக்கமும்

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாகாணத்தில் சித்தூர் மாவட்டம் தோற்றுவிக்கப்பட்டது. அதுவரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கிய சித்தூர் நகரம் புதிய மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு மாறியது. கடப்பை மாவட்டத்திலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்கள் வந்து சேர்ந்தன. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அம்மாநிலத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 முதல் அது ஆந்திரப் பிரதேசத்தின் பகுதி. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சத்தியவேடு பகுதி சித்தூர் மாவட்டத்திற்கு வந்தது. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் மாவட்டம் மீண்டும் பிரிக்கப்பட்டு, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தனி மாவட்டம் உருவாயிற்று.

நிலம் ஒன்றாகவே இருக்க, அதன் நிருவாகப் பெயர் மட்டும் இவ்வாறு பலமுறை மாறியுள்ளது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இப்பகுதி பற்றிய எழுத்துச் சான்றுகளும் சிதறின. 1911-க்கு முற்பட்ட அரசு ஆவணங்களைத் தேடுவோர் சென்னைக்குச் செல்ல வேண்டும். பிற்கால ஆவணங்களுக்கு ஆந்திர, தெலங்கானா நகரங்களை நாட வேண்டும். நாளிதழ்களின் நிலை இதனினும் சிக்கலானது. சித்தூர், திருப்பதி மக்கள் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் செய்தி படித்தவர்கள். ஆகவே அவர்களது வாழ்வின் பதிவு மூன்று மொழி இதழ்களில் பிரிந்து கிடக்கிறது. இவ்விதழ்களை மின்னுருவாக்கும் முயற்சிகள் பெருகிவரும் இக்காலத்தில், அம்முயற்சி எவ்வாறு நடைபெற வேண்டும், அதன் பயனை ஆய்வாளர் எவ்வாறு கொள்ள வேண்டும் என்பன சிந்திக்கத்தக்கவை. ஒரு மொழி இதழ்களை மட்டும் திரட்டி வைத்தால், எழுதப்படும் வரலாறும் ஒருதலைப்பட்சமாகவே அமையும் என்பதை இப்பகுதியின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

நாளிதழின் சான்று மதிப்பு

அரசுக் கோப்பு, முடிவை உரைக்கும்; அம்முடிவுக்கு முன் ஊரில் நிகழ்ந்ததை அது பெரும்பாலும் உரைப்பதில்லை. தானிய விலை, மழை அளவு, ஏரி உடைப்பு, தொற்றுநோய், திருவிழாக் கூட்டம், வழக்கு, ஏல அறிவிப்பு, பள்ளித் திறப்பு, பொதுக்கூட்டத் தீர்மானம், ஆசிரியருக்குக் கடிதம், மருந்து விளம்பரம் ஆகியவை நாளும் தேதியும் ஊர்ப்பெயரும் தாங்கி நாளிதழ்களிலேயே கிடைக்கின்றன. ஒரு செய்தி தனித்து நின்றால் அற்பமாகத் தோன்றலாம். முப்பது ஆண்டுச் செய்திகளை வரிசைப்படுத்தும்போது அவை ஒரு வட்டத்தின் பொருளியல் வரலாறாகின்றன.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1876–78-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் வட ஆர்க்காடு, கடப்பை உள்ளிட்ட மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. அப்போது சென்னையில் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஏட்டின் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, பஞ்ச நிவாரணம் பற்றி 1878-இல் வெளியிட்ட இரு தொகுதி நூல் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்கு அடிப்படைச் சான்றாக உள்ளது. ‘இந்து’ ஏடு தோன்றியது அதே 1878-இல்தான். ‘சுதேசமித்திரன்’ 1882-இல் தொடங்கியது. எனவே அப்பஞ்சத்தை நாட்டு மக்களின் பார்வையில் காண விரும்புவோர்க்குக் கிடைக்கும் இதழ்ச் சான்று குறைவு. எந்தக் காலத்திற்கு எந்த இதழ் உண்டு, எது இல்லை என்று முதலில் அறிந்துகொள்வது ஆய்வின் முதற்படியாகும்.

திருப்பதியின் நிருவாக வரலாறும் இவ்வாறே. 1843 முதல் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்த திருமலைக் கோயில் நிருவாகம், 1933-இல் சட்டத்தின் வழி அமைந்த தேவஸ்தானக் குழுவின் பொறுப்புக்கு வந்தது. சட்டத்தின் வாசகம் அரசிதழில் உண்டு. அச்சட்டம் வேண்டும், வேண்டாம் என்று மக்கள் வாதிட்டதை அறிய இதழ்களையே நாட வேண்டும். 1944-இல் திருமலைக்கு மலைப்பாதை திறக்கப்பட்டதும், 1954-இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் நகரின் தன்மையையே மாற்றிய நிகழ்ச்சிகள். போக்குவரத்து, வாடகை, வணிகம், குடியேற்றம் ஆகியவற்றில் அவை விளைத்த மாறுதல்களுக்கு அக்கால விளம்பரங்களும் உள்ளூர்ச் செய்திகளும் நேர்ச் சான்றுகளாகும்.

அதிகாரிகளுக்கும் இதில் பயன் உண்டு. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரம் வெள்ளத்தில் சிக்கியது. அருகிலுள்ள ராயல செருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டதால் சுற்றுப்புற ஊர்மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏரிப் பாசனத்தையே பெரிதும் நம்பிய இம்மாவட்டத்தில் கரையுடைப்பு புதிய செய்தியன்று. முற்காலத்தில் எந்த ஏரி எந்த மாதத்தில் உடைந்தது, வெள்ளம் எவ்வழி பாய்ந்தது, எந்தச் சாலை துண்டிக்கப்பட்டது என்னும் விவரங்களைப் பழைய நாளிதழ்களிலிருந்து தொகுத்துப் படத்தில் குறித்தால், அது இன்றைய திட்டமிடுவோர் கையில் உள்ள மழைப் புள்ளிவிவரத்திற்கு உற்ற துணையாகும். வாய்க்கால்களின் மீது வீடுகள் எழுந்துவிட்ட பின்னர், பழைய நீர்வழியை நினைவூட்டக்கூடிய எழுத்துச் சான்றுகள் மிகச் சிலவே.

இதழ்கள் இருக்கும் இடங்கள்

காசிநாதுனி நாகேசுவர ராவ் 1908-இல் பம்பாயில் வார இதழாகத் தொடங்கிய ‘ஆந்திர பத்திரிகை’, 1914-இல் சென்னைக்கு வந்து நாளிதழாயிற்று. ‘தினமணி’ 1934-இலும் ‘ஆந்திர பிரபா’ 1938-இலும் சென்னையில் தோன்றின. ‘சுதேசமித்திர’னும் ‘இந்து’வும் சென்னை ஏடுகளே. அதாவது, 1953-க்கு முன் சித்தூர் வாசகர் படித்த முக்கியத் தமிழ், தெலுங்கு நாளிதழ்கள் ஒரே நகரத்தில், சில வேளை அண்டைத் தெருக்களில், அச்சாயின. இன்றோ அவற்றின் தொகுப்புகள் மாநில எல்லைகளுக்கு ஏற்பப் பிரிந்துவிட்டன. தெலுங்கு இதழ்களைத் தேடுவோர் ஹைதராபாத்தையும் கடலோர ஆந்திர நகரங்களையும் நாடுகின்றனர். தமிழ் இதழ்களைத் தேடுவோர் சென்னையை நாடுகின்றனர். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்ப்பதில்லை.

1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் இதழ்களைப் பதிவு செய்வித்தது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் 1956-இல் திருத்தப்பட்டு, நாளிதழ்களையும் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கு அளிக்கும் கடமையை வெளியீட்டாளர் மீது சுமத்தியது. கல்கத்தா தேசிய நூலகமும் சென்னை கன்னிமாரா நூலகமும் அந்நூலகங்களுள் அடங்கும். ஆயினும் சட்டம் இருப்பதால் மட்டும் எல்லா இதழ்களும் வந்து சேர்ந்துவிட்டன என்று கொள்வதற்கில்லை. ஒரே நாளிதழ் பல நகரங்களில் பதிப்பிக்கப்படும்போது நூலகத்தைச் சேர்வது பெரும்பாலும் தலைமைப் பதிப்பே. ‘ஈநாடு’ 1974-இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிப் பின்னர்த் திருப்பதி உள்ளிட்ட பல நகரங்களிலும் பதிப்புகளை வெளியிட்டது. இத்தகைய ஏடுகளின் மாவட்டப் பக்கங்களே உள்ளூர் வரலாற்றுக்கு மிகவும் தேவையானவை. முதலில் அழிவனவும் அவையே.

மூல இதழ் கிடைக்காதபோது மற்றொரு வழியும் உண்டு. ஆங்கிலேய அரசு, நாட்டு மொழி இதழ்களில் வந்தவற்றின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தன் அதிகாரிகளுக்காக வாரந்தோறும் தொகுத்தது. மறைந்துபோன பல இதழ்களின் குரல் இவ்வறிக்கைகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆனால் அரசு கவனிக்க விரும்பியதையே அவை கூறும். வரிக்குறைப்புக் கோரிக்கை அவற்றில் இடம்பெறும். அன்றைய நெல் விலை இடம்பெறாது.

காகிதத்தின் பகை

பழைய நூல்களைவிடப் பழைய நாளிதழ்கள் விரைவில் அழிவதற்குக் காரணம் அவற்றின் காகிதமே. மலிவான செய்தித்தாள் காகிதம் அரைத்த மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளித்து, காகிதத்தில் அமிலத் தன்மையைப் பெருக்குகிறது. நாளடைவில் மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் முறிகிறது. கட்டடம் செய்யப்பட்ட தொகுதிகளில் உள்ஓரத்து வரிகள் தைப்பினுள் மறைகின்றன. வெப்பமும் ஈரமும் பூச்சியும் மிகுந்த தென்னாட்டில் இவ்வழிவு இன்னும் விரைவாகிறது. பிரதி ஓர் இடத்தில் மட்டுமே இருப்பதன் ஆபத்திற்கு யாழ்ப்பாணம் சான்று. 1981-இல் அந்நகரப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஈடு செய்ய இயலாத ஏடுகளும் இதழ்களும் ஒரே இரவில் அழிந்தன.

மின்னுருவாக்கத்தின் படிகள்

மின்னுருவாக்கம் என்பது பக்கத்தைப் படமெடுப்பது மட்டுமன்று. அதற்கு முன்னும் பின்னும் பல படிகள் உள்ளன.

முதற்படி, சரிபார்த்தல். எந்தத் தேதி இதழ் உள்ளது, எது இல்லை, எந்தப் பக்கம் கிழிந்துள்ளது என்று பட்டியலிட வேண்டும். ஒரு நூலகத்தில் இல்லாத இதழ் மற்றொன்றில் இருக்கலாம். இப்பட்டியல் இல்லாமல் தொடங்கும் பணி, ஒரே இதழை இருமுறை படமெடுப்பதிலும், இல்லாத இதழை இருப்பதாகக் கருதுவதிலும் முடியும்.

இரண்டாம் படி, படமெடுத்தல். அங்குலத்திற்கு 300 முதல் 400 புள்ளிகள் என்ற அளவில், சாம்பல் நிறச் சாயல்கள் மங்காமல் எடுப்பது வழக்கம். 16 அங்குல அகலமும் 22 அங்குல உயரமும் உள்ள ஒரு பக்கத்தை 400 புள்ளி அளவில் எடுத்தால் 5 கோடியே 63 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். சுருக்காமல் சேமித்தால் பக்கம் ஒன்றுக்குச் சுமார் 56 மெகாபைட் இடம் வேண்டும். எட்டுப் பக்க நாளிதழ் ஆண்டுக்கு 360 நாள் வெளிவந்தால் 2,880 பக்கம். ஓராண்டுக்குச் சுமார் 160 ஜிகாபைட், முப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 5 டெராபைட். இன்றைய நிலையில் இது பெருஞ்செலவன்று. இதனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாதனங்களுக்கு மாற்றிக் காப்பதே தொடர்செலவு. வரவுசெலவுத் திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுவே. இதழ் முன்னரே நுண்படச் சுருளில் இருந்தால் அச்சுருளிலிருந்தும் படமெடுக்கலாம். ஆனால் சுருளில் உள்ள மங்கலும் கீறலும் உடன் வரும்.

மூன்றாம் படி, படத்தை எழுத்தாக்குதல். எழுத்துணர் மென்பொருள் பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் இனங்கண்டு, தேடத்தக்க உரையாக மாற்றுகிறது. இந்திய எழுத்துகளுக்கு இது எளிதன்று. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை, பெரும்பாலான ஏடுகளில் ணை, லை, ளை, னை ஆகியவை பழைய வளைவுக் கொம்புடனும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும் அச்சாயின. ‘திருமலை’, ‘சென்னை’ என்னும் சொற்களிலேயே இப்பழைய வடிவம் வருகிறது. இன்றைய வடிவங்களை மட்டும் பயின்ற மென்பொருள் அவற்றைத் தவறாகப் படிக்கும். தெலுங்கில் ஒற்றெழுத்து முதன்மை எழுத்தின் அடியில் தொங்கும். ‘சித்தூரு’, ‘திருத்தணி’ ஆகிய பெயர்களில் உள்ள தகர இரட்டிப்பு அவ்வாறு அமைவது. தேய்ந்த அச்சில் அவ்வடியெழுத்து மறைந்தாலோ, கீழ்வரியுடன் ஒட்டிக்கொண்டாலோ, ஊர்ப்பெயரே மாறிவிடும்.

மென்பொருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எழுத்துகளைச் சரியாகப் படிக்கிறது என்றால் அது சிறந்ததாகத் தோன்றும். ஆனால் எட்டு எழுத்துள்ள ஒரு சொல் முழுவதும் பிழையின்றி வருவதற்கு நூற்றுக்குச் சுமார் 66 வாய்ப்பே உண்டு. திருச்சானூரில் 1891-இல் பிறந்து, 1956 முதல் 1962 வரை மக்களவைத் தலைவராக விளங்கிய அனந்தசயனம் ஐயங்காரின் பெயரில் ‘அனந்தசயனம்’ என்பது எட்டு எழுத்து. அவரைப் பற்றிய செய்திகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தேடலில் அகப்படாமல் போகலாம் என்பது இக்கணக்கின் பொருள். பிழை திருத்தும் பணியே மின்னுருவாக்கத்தின் உயிர் எனலாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் வாசகர்களே பழைய நாளிதழ் உரையை வரிவரியாகத் திருத்துகின்றனர். கல்லூரி மாணவர்களைக் கொண்டு இங்கும் இம்முறையைப் பின்பற்றலாம்.

நான்காம் படி, விவரக் குறிப்பு. இதழின் பெயர், பதிப்பு நகரம், தேதி, பக்க எண், மூலம் இருக்கும் நூலகம் ஆகியவை ஒவ்வொரு பக்கத்துடனும் இணைக்கப்பட வேண்டும். இது பிழைத்தால் பக்கம் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

திருப்பதி தந்த பாடம்

இத்துறையில் சித்தூர், திருப்பதிக்கு ஏற்கெனவே தொடர்பு உண்டு. சித்தூர் மாவட்டம் காட்டூரில் 1937-இல் பிறந்து, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராகி, 1994-இல் டூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி, பத்து இலட்சம் நூல்களை மின்னுருவாக்கும் பன்னாட்டுத் திட்டத்தை முன்னின்று நடத்தினார். அதன் இந்தியப் பகுதியான இந்திய மின்னூலகத் திட்டத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஒருங்கிணைத்தது. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் நாட்டின் பல இடங்களில் படமெடுக்கும் நிலையங்கள் இயங்கின. திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சார்பில் அமைந்த நிலையமும் அவற்றுள் ஒன்று.

அத்திட்டம் பெரும்பாலும் நூல்களுக்கானது. எனினும் நாளிதழ்ப் பணிக்கு அது மூன்று பாடங்களை விட்டுச் சென்றுள்ளது. இந்திய மொழி நூல்களின் தலைப்புகள் ரோமன் எழுத்தில், ஒரு சீர்மையின்றிப் பதிவானதால், இருக்கும் நூலையே வாசகர் கண்டெடுக்க இயலாமற் போயிற்று. தலைப்பை அம்மொழி எழுத்திலேயே பதிய வேண்டும் என்பது முதற் பாடம். விடுபட்ட பக்கங்கள் உடனுக்குடன் சரிபார்க்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது. சில ஆண்டுகளில் அத்திட்டத்தின் இணையவாயில் செயலற்றுப் போயிற்று. படங்களின் பெரும்பகுதி ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்தில் நகலெடுக்கப்பட்டிருந்ததாலேயே வாசகர்க்கு எஞ்சியது. பிரதிகள் பல இடங்களில் இருக்க வேண்டும் என்பது மூன்றாம் பாடம். எரிந்த நூலகத்திற்கும் அணைந்த இணையதளத்திற்கும் வாசகரைப் பொறுத்தவரை வேறுபாடு அதிகமில்லை.

ஹைதராபாத்தில் இயங்கிய ஆந்திரப் பிரதேசப் பிரஸ் அகாடமி பழைய தெலுங்கு இதழ்களை மின்னுருவாக்கி இணையத்தில் வைக்கும் பணியை மேற்கொண்டது. தமிழில், 1994-இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும் குறிப்பிடத்தக்க பணியாற்றியுள்ளன. ஈழத்து இதழ்களுக்கு 2005-இல் தொடங்கிய நூலகம் நிறுவனமும், ‘தமிழ் முரசு’ போன்றவற்றுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியமும் பாடுபடுகின்றன. இவையனைத்தும் பயனுள்ளவை. ஆயினும் சித்தூர் பற்றித் தமிழிலும் தெலுங்கிலும் ஒருங்கே தேடும் வசதிக்கு, இரு மொழித் தொகுப்புகளையும் இணைக்கும் பாலம் தேவைப்படுகிறது.

தேடுவோர் அறிய வேண்டியவை

கணினியில் சொல்லைத் தட்டினால் விடை வரும் என்ற நம்பிக்கை ஆய்வாளரை எளிதில் ஏமாற்றும். இன்றைய சொல்லால் பழைய இதழைத் தேடலாகாது. அக்கால ஏடுகள் ‘மாவட்டம்’ என்று எழுதவில்லை, ‘ஜில்லா’ என்றன. ‘வட்டம்’ அன்று ‘தாலுகா’, ‘அமைச்சர்’ ‘மந்திரி’, ‘வேட்பாளர்’ ‘அபேட்சகர்’, கூட்டத் தலைவர் ‘அக்கிராசனர்’, ‘மாநாடு’ ‘மகாநாடு’.

ஊர்ப்பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. காளத்தி, காளஹஸ்தி, ஸ்ரீகாளஹஸ்தி மூன்றும் ஒரே ஊர். திருப்பதி, கீழ்த்திருப்பதி, திருமலை, திருவேங்கடம் ஆகியவை சில இடங்களில் ஒன்றையும் சில இடங்களில் வெவ்வேறு இடங்களையும் குறிக்கும். இதற்கு மாறாக, பாலக்காட்டுப் பகுதியிலும் ஒரு சித்தூர் உண்டு. புத்தூர் என்னும் பெயருடைய ஊர்களோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பல. மாவட்டப் பெயரும் காலத்திற்கேற்ப மாறும். டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-க்குப்பின் சித்தூர் மாவட்டத்தில். 1960-இல் சென்னை மாநிலத்தில். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில். ஒரே ஊரின் செய்தியைத் தேட நான்கு மாவட்டங்களின் பெயர்களை அறிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமான விதி ஒன்று உண்டு. தேடலில் செய்தி கிடைக்காததால் நிகழ்ச்சி நடக்கவில்லை என்று முடிவு செய்யலாகாது. இதழ் தொகுப்பில் இல்லாதிருக்கலாம், எழுத்துணரி தவறியிருக்கலாம், தணிக்கை தடுத்திருக்கலாம். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தின்போது அரசின் கட்டுப்பாடுகளால் சில ஏடுகள் வெளியீட்டையே நிறுத்தின; 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையில் தணிக்கை நிலவியது. அக்காலங்களின் மௌனம் நிகழ்ச்சியின்மையைக் காட்டுவதன்று.

இரு குரல்களும் ஒரு வரலாறும்

இருமொழி இதழ்களின் இன்றியமையாமைக்கு 1953 முதல் 1960 வரை நீடித்த எல்லைச் சிக்கல் சிறந்த எடுத்துக்காட்டு. ம. பொ. சிவஞானம் 1946-இல் நிறுவிய தமிழரசுக் கழகம், வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை என்று வலியுறுத்தியது. திருத்தணிப் பகுதியில் மங்கலங்கிழார் அவ்வியக்கத்திற்கு அடித்தளமாக இருந்தார். தெலுங்கு மக்களிடையே சென்னை நகரத்தைக் குறித்த உரிமைக் கோரிக்கை வலுவாக இருந்தது. சித்தூர் மாவட்டத்தில் இரு மொழியினரும் கலந்து வாழ்ந்தனர். பின்னர் எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டு, கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் மொழி, நிலத்தொடர்ச்சி ஆகியவற்றைக் கருதிப் பரிந்துரை அளித்தார். 1959-இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. அப்போது மக்களவையின் தலைவர் பீடத்தில் இருந்தவர், முன்னர்க் குறிப்பிட்ட திருச்சானூர்க்காரரான அனந்தசயனம் ஐயங்காரே.

இவ்வரலாற்றைத் தமிழ் இதழ்களை மட்டும் கொண்டு எழுதினால், ஒரு மக்கள் தம் ஊரை மீட்டதும் சிலவற்றை இழந்ததுமான கதையாக அது முடியும். தெலுங்கு இதழ்களை மட்டும் கொண்டு எழுதினால் மீட்பும் இழப்பும் இடம் மாறும். தம் வாசகர் கூடிய கூட்டத்தைப் பெரிதாகவும் எதிர்த்தரப்பின் கூட்டத்தைச் சிறிதாகவும் வெளியிடுவது எம்மொழி ஏட்டுக்கும் இயல்பே. இரண்டையும் தேதிவாரியாக அருகருகே வைக்கும்போதுதான், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் உண்மைகள் எவை, எவற்றில் வேறுபடுகின்றன, எவற்றை இருவரும் கூறாமல் விட்டனர் என்பவை புலப்படும். கூட்டத்திற்கு வந்தோர் எண்ணிக்கையில் ஏடுகள் மாறுபடலாம். கூட்டம் நடந்த நாளிலும் ஊரிலும் பொதுவாக மாறுபடுவதில்லை. இவ்வாறு உறுதிப்பட்டவற்றை அரசிதழ், மக்கட்தொகைக் கணக்கு, நாடாளுமன்ற விவாதப் பதிவு ஆகியவற்றுடன் ஒப்பிட வேண்டும். இரு மொழியும் பேசும் குடும்பங்கள், எல்லையைக் கடந்து உழவும் வணிகமும் செய்தவர்கள், புதிய எல்லையால் பள்ளி மொழி மாறிய மாணவர்கள் ஆகியோரின் நிலை தலையங்கங்களில் அரிதாகவே இடம்பெறும். வாசகர் கடிதங்களிலும் சிறு செய்திகளிலும் அவர்களைத் தேட வேண்டியுள்ளது.

பதிப்புரிமை

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் பெயரின்றி வெளியான ஆக்கங்களுக்கு வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பெயருடன் வெளியானவற்றுக்கு எழுதியவர் மறைந்தபின் 60 ஆண்டு. எனவே எல்லைச் சிக்கல் முடிவுற்ற 1960 வரை பெயரின்றி வெளியான செய்திகள் உரிமைக் காலத்தைக் கடந்துவிட்டன. பெயர் தாங்கிய கட்டுரை, கதை, கேலிச்சித்திரம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும். சட்டத் தடை நீங்கியவற்றைக்கூட வெளியிடத் தயங்குவதும், தடை உள்ளவற்றைக் கவனியாது வெளியிட்டுப் பின்னர் முழுத் தொகுப்பையும் மூட நேர்வதும் ஒருங்கே தவிர்க்கத்தக்கவை.

செய்யத்தக்கன

சித்தூர், திருப்பதிப் பகுதிக்கு முதலில் வேண்டுவது புதிய இயந்திரமன்று. ஒரு கூட்டுப் பட்டியல். 1882 முதல் இப்பகுதியில் படிக்கப்பட்ட தமிழ், தெலுங்கு, ஆங்கில இதழ்களுள் எந்தத் தேதியுடையது எந்த நூலகத்தில் உள்ளது, எது மின்னுருப் பெற்றுவிட்டது என்று இரு மாநில நூலகங்களும் சேர்ந்து குறித்தால், எஞ்சிய பணியின் அளவு தெரியவரும். அடுத்து, ஊர்ப்பெயர்களுக்கு இருமொழி அகராதி ஒன்று வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் தமிழ், தெலுங்கு, ஆங்கில வடிவங்களும், எந்த ஆண்டில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். ஓர் ஊரைத் தமிழில் தேடுவோர்க்குத் தெலுங்குச் செய்தியும் கிடைக்க இதுவே வழி.

இப்பணிக்கு உரிய நிறுவனங்கள் அருகிலேயே உள்ளன. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் உண்டு. திராவிட மொழிகளை ஒருங்கே பயில்வதற்கென 1997-இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் மும்மொழிச் சூழல் நிலவும் குப்பத்தில் உள்ளது. வரலாற்று மாணவர் ஒருவர் தம் தாய்மொழியுடன் அண்டை மொழியின் எழுத்தையும் படிக்கப் பழகினால், முதுகலை ஆய்வேடுகளின் தரமே மாறும். ஒவ்வொரு மாணவரும் ஓர் ஏரியை, ஒரு சந்தையை, ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு, இரு மொழி ஏடுகளில் அதைத் தொடர்ந்து தேடித் தொகுத்தாலும் போதும்.

காகிதம் ஒவ்வோர் ஆண்டும் நொறுங்கி வருகிறது. எந்தத் தொகுதியை முதலில் படமெடுப்பது என்னும் முடிவை, எளிதில் கிடைப்பது எது என்பதைக் கொண்டு எடுக்காமல், வேறெங்கும் பிரதி இல்லாதது எது என்பதைக் கொண்டு எடுப்பதே முறை. அவ்வாறு தேர்ந்தால் மாவட்டப் பதிப்புகளும் நின்றுபோன சிற்றிதழ்களும் முன்னிடம் பெறும். சித்தூர், திருப்பதி மக்களின் அன்றாட வாழ்வு மிகுதியாகப் பதிவாகியிருப்பதும் அவற்றில்தான்.